ஆடி மழையும் தை மாதத் தேனும்: தேன்பெட்டி வைத்திருப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் ரப்பர்த் தோட்டங்களுக்கு நடுவே தேன்பெட்டி வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் இரண்டே பருவம்தான். தேன் வரும் பருவம், தேன் வராத பருவம். தை பாதியில் தொடங்கி பங்குனி வரை பெட்டி நிரம்பும். ஆனி பிறந்து தென்மேற்கு மழை பிடித்துக்கொண்டால் புரட்டாசி வரைக்கும் பெட்டிக்குள் பஞ்சம். பனி விழும் நாட்டில் பெட்டி வைத்திருப்பவனுக்குக் குளிர்காலம் எப்படியோ, நமக்கு இந்த மழைக்காலம் அப்படி. கூட்டத்தை உயிரோடு அக்கரை சேர்ப்பதுதான் வேலை.

மார்த்தாண்டம், குலசேகரம், அருமனை பக்கம் புதிதாகப் பெட்டி வாங்கியவர்கள் மழை தொடங்கியதும் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சொல்வதெல்லாம் இந்தியத் தேனீக்கும், அடியறையில் ஏழு சட்டம் பிடிக்கும் நியூட்டன் பெட்டிக்கும் பொருந்தும். அடியறையில் ஈ புழு வளர்க்கும், அதன் மேல் வைக்கும் மேலறையில் நமக்கான தேன் சேரும். ஈ அடை கட்டுவதற்காக உள்ளே தொங்கவிடும் மரச் சட்டகம்தான் சட்டம். தேனீயை எங்கள் பக்கம் ஈ என்றே சொல்லிப் பழக்கம். இங்கேயும் அப்படியே வரும்.

மழைக்காலத்தில் அப்படி என்ன பஞ்சம்? ஊர் முழுக்கப் பச்சையாகத்தானே இருக்கிறது?

பச்சை இருக்கிறது, தேன் இல்லை. ரப்பரில் நமக்குத் தேன் தருவது பூ அல்ல, இலை. மார்கழியில் மரம் இலையுதிர்த்து மொட்டையாக நின்று, பிறகு செம்பு நிறத்தில் துளிர் விடும். ஒரு காம்பில் மூன்று இலை இருக்கும். அந்த மூன்றும் சேரும் இடத்தில், காம்பின் நுனியில், சின்னச் சின்னச் சுரப்பிகள் உண்டு. இலை செம்பு நிறம் மாறி இளம்பச்சைக்கு வரும் நாட்களில் அங்கே தேன் துளிர்க்கும். இலை முற்றிவிட்டால் அத்தோடு முடிந்தது. ஆடியில் கரும்பச்சையாக நிற்கும் தோட்டத்தைப் பார்த்து நாம் சந்தோஷப்படலாம். ஈக்கு அது வெறும் நிழல்.

தென்னம்பாளை, வாழைப்பூ, தரையில் கிடக்கும் தொட்டாற்சுருங்கி என்று மற்றது கொஞ்சம் இருக்கும். ஆனால் தொடர்ந்து நாலு நாள் பெய்தால் ஈ வெளியே போகவே முடியாது. வெயில் எட்டிப் பார்க்கிற ஒரு மணி நேரத்தில் போனாலும், நனைந்த பூவில் தேன் கழுவிப் போயிருக்கும். வரவு நின்றால் ராணி முட்டையிடுவதைக் குறைக்கும். அப்புறம் கூட்டம் தானாகச் சிறுக்கும்.

தேன் வருவது தை மாதம். அதற்கு ஆடியிலிருந்தே ஏன் பரபரக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முட்டையாக மூன்று நாள், புழுவாக ஏறக்குறைய ஐந்து நாள், மூடிய அறைக்குள் பதினொரு நாள். ஆக, ஒரு பணித்தேனீ வெளியே வர 19, 20 நாள் ஆகும். வந்ததும் தேனுக்குப் போகாது. அறையைச் சுத்தம் செய்யும், புழுவுக்கு ஊட்டும், அடை கட்டும், வாசலில் காவல் நிற்கும். இதற்கே இரண்டு மூன்று வாரம் போய்விடும். கூட்டிப் பார்த்தால், முட்டையிட்ட நாளிலிருந்து ஈ தேனுக்குப் பறக்க நாற்பது நாள் ஆகிறது.

தைப்பொங்கலை ஒட்டித் தேன் வரத்து தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வாரத் தேனைக் கொண்டுவரப் போவது கார்த்திகையில் இட்ட முட்டை. கார்த்திகையில் ராணி நிறைய முட்டையிட வேண்டுமானால், அந்தப் புழுக்களுக்கு ஊட்டவும் அவற்றைச் சூடாக வைத்திருக்கவும் ஐப்பசியிலேயே நாலைந்து சட்டம் நிறைய ஈ இருக்க வேண்டும். ஐப்பசியில் அது இருக்க வேண்டுமானால், புரட்டாசியில் குறைந்தது மூன்று சட்டமாவது ஈயும் நல்ல ராணியும் மிஞ்சியிருக்க வேண்டும். அந்த மூன்று சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் ஆடி, ஆவணி வேலை.

தை பிறந்த பிறகு சர்க்கரைப் பாகு வைத்துக் கூட்டத்தைப் பெருக்கப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். பெருகும். ஆனால் பெருகின ஈ வேலைக்கு இறங்கும்போது மாசி முடிந்திருக்கும். வரத்துக் காலம் முழுக்கப் புழு வளர்த்துவிட்டு, வரத்து ஓயும்போது ததும்பி நிற்கும் பெட்டியை எத்தனையோ பார்த்துவிட்டேன்.

கடைசித் தேன் எடுக்கும்போது எவ்வளவு விட்டுவைக்க வேண்டும்?

மேலறையில் இருப்பதை எடுங்கள். அடியறையில் இருப்பதைத் தொடாதீர்கள். அவ்வளவுதான் விதி.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். பெட்டி வைத்த மூன்றாவது வருடம் என்னிடம் 14 பெட்டி இருந்தது. அந்தப் பங்குனியில் நல்ல வரத்து. ஆசை யாரை விட்டது? அடியறைச் சட்டங்களின் மேல் ஓரத்தில் வளைவாக மூடி வைத்திருந்த தேனையும் சீவி, சட்டத்தைச் சுழற்றி எடுத்துவிட்டேன். மழையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்பு. ஆடி பாதியில் ஒரு நாள் மழை விட்டதும் போய்த் திறந்தால், ஒன்பது பெட்டி காலி. இரண்டில் மட்டும் செத்த ஈ கிடந்தது. மற்ற ஏழில் அதுகூட இல்லை. அடை மட்டும் காய்ந்த காகிதம் மாதிரி இருந்தது. எடுத்த தேன் மொத்தம் நாலு கிலோகூட இருக்காது.

அடியறையில் ஒவ்வொரு சட்டத்தின் மேல் ஓரத்திலும் இரண்டு விரல் அகலத்துக்கு மூடிய தேன் தெரிந்தால் மழையின் முதல் மாதம் கவலையில்லை. அதற்குமேல் நம் கையால் கொடுத்தாக வேண்டும்.

சர்க்கரைப் பாகு எப்படிக் காய்ச்சுவது, எவ்வளவு வைப்பது?

ஒரு கிலோ வெள்ளைச் சர்க்கரைக்கு ஒரு லிட்டர் தண்ணீர். தண்ணீரைக் கொதிக்க வைத்து, அடுப்பை அணைத்த பிறகு சர்க்கரையைப் போட்டுக் கலக்குங்கள். சர்க்கரையோடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் அடி பிடித்துக் கருகும். கருகிய பாகு ஈக்கு ஆகாது. நன்றாக ஆறிய பிறகு வையுங்கள்.

பாத்திரம் வாங்க வேண்டியதில்லை. தேங்காய்ச் சிரட்டை போதும். மழைக்காலத்தில் அடியறையில் சட்டங்களைக் குறைப்போம், அதைப் பின்னால் சொல்கிறேன். அந்தக் காலி இடத்தில் சிரட்டையை நிறுத்தி, பாகை ஊற்றி, நாலு ஈர்க்குச்சியோ கொஞ்சம் தென்னை நாரோ மிதக்க விடுங்கள். இதை மறந்தால் ஈ வழுக்கி விழுந்து மூழ்கும். காலையில் சிரட்டையில் ஒரு கைப்பிடி செத்த ஈயை அள்ளிக் கொட்டினால் மறுமுறை மறக்க மாட்டீர்கள்.

அளவு, ஒரு பெட்டிக்கு வாரம் கால் லிட்டர். ஒரு கிலோ சர்க்கரை போட்டால் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே பாகு வரும். இருபது பெட்டி வைத்திருப்பவருக்கு வாரம் மூன்று கிலோ சர்க்கரை, மழைக்காலத்தின் பதினாறு வாரத்துக்கு 50 கிலோ மூட்டை ஒன்று. மழைக்கு முன்பே மூட்டையை வாங்கிப் போட்டுவிடுங்கள். வாரா வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தால், பெருமழை பெய்யும் வாரத்தில்தான் கைவிட்டுப் போகும். அந்த வாரம்தான் ஈக்கு அது தேவை.

இருட்டுகிற நேரத்தில் வையுங்கள். எல்லாப் பெட்டிக்கும் ஒரே நாளில் வையுங்கள். வெளியே ஒரு சொட்டுகூடச் சிந்தக் கூடாது. பகலில் ஒரு பெட்டிக்கு மட்டும் வைத்தால் பக்கத்துப் பெட்டி ஈ வாசனை பிடித்து வந்துவிடும். பலமான கூட்டம் நோஞ்சான் கூட்டத்தைக் கொள்ளையடிக்கத் தொடங்கினால் அரை நாளில் ஒரு பெட்டி முடிந்துபோகும். வாசலில் ஈக்கள் கட்டிப் புரண்டு விழுவதைப் பார்த்தால், உடனே வாசலை ஓர் ஈ நுழையும் அளவுக்கு அடைத்து, பெட்டி மேல் ஈரச் சாக்கைப் போடுங்கள்.

வெல்லம், கருப்பட்டி கொடுக்கலாமா? இயற்கையானதுதானே?

வேண்டாம். அதில் இருக்கும் மற்ற சத்தெல்லாம் நமக்கு நல்லது, ஈயின் குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. வெளியே பறக்க முடியாத மழை நாளில் பெட்டிக்குள்ளேயே கழியும். கடையில் வாங்கிய தேனையும் கொடுக்காதீர்கள். எந்தக் கூட்டத்து நோய் அதில் வருகிறது என்று யாருக்குத் தெரியும்.

மகரந்தத்துக்குப் பதிலாக மாவு வைக்கச் சொல்கிறார்களே?

சோயா மாவு, பொட்டுக்கடலை மாவு, பால் பவுடர் என்று ஆளுக்கொரு கலவை சொல்வார்கள். தேனில் பிசைந்து சட்டத்தின் மேல் வில்லையாக வைக்க வேண்டும். என் பெட்டிகளில் பாதி அதைச் சீண்டவே இல்லை. மிச்சத்தில் பூஞ்சணம் பிடித்தது. அந்தச் செலவுக்கு, பெட்டியைச் சுற்றிக் களைக்கொல்லி அடிக்காமல் தொட்டாற்சுருங்கியை விட்டுவைத்தாலே போதும் என்பது என் கட்சி. முள் குத்தும்தான், பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பெட்டியைத் திறந்தேன், ஈயே இல்லை. செத்ததா, ஓடியதா?

அடையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அறைக்குள் தலையை விட்டபடி, வால் மட்டும் வெளியே தெரிய, வரிசையாக ஈக்கள் செத்திருந்தால் அது பட்டினி. கடைசிச் சொட்டை நக்கித் தேடிக்கொண்டே செத்திருக்கின்றன. முட்டை, புழு, தேன் எதுவும் இல்லாமல், செத்த ஈயும் இல்லாமல் அடை துடைத்துவிட்டது போல இருந்தால் ஓடிவிட்டது.

இந்தியத் தேனீக்கு ஓடிப்போகும் குணம் உண்டு. இத்தாலியத் தேனீ அவ்வளவு எளிதில் பெட்டியை விடாது. இது அப்படியில்லை. பசி, எறும்பு, அடையைத் தின்னும் மெழுகுப் புழு, அடிக்கடி திறந்து பார்க்கிற முதலாளி, இதில் எது பொறுக்க முடியாமல் போனாலும் கிளம்பிவிடும். ஆனால் திடீரென்று கிளம்பாது. முதலில் ராணி முட்டையிடுவதை நிறுத்தும். இருக்கிற புழு முதிர்ந்து வெளியே வரும்வரை காத்திருக்கும். இருக்கிற தேனைக் குடித்துத் தீர்க்கும். வாசலில் காலில் மகரந்தம் ஒட்டிய ஈ ஒன்றுகூட வராது. இந்த அடையாளத்தை ஒரு வாரம் முன்னாலேயே பிடித்துவிட்டால் பாகு வைத்துத் தடுத்துவிடலாம். வாசலில் ராணி வெளியேற முடியாத தகடு ஒன்றைப் பொருத்தலாம். ஆனால் உள்ளே பசியைத் தீர்க்காமல் கதவை மட்டும் பூட்டினால் வீட்டுக்குள்ளேயே சாகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சட்டத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள். கட்டிய அடையை எடுத்தால் ஈக்கு நஷ்டம் இல்லையா?

ஈ மூடி உட்கார முடியாத அடை ஈக்குச் சொத்து இல்லை, மெழுகு அந்துப்பூச்சிக்குத்தான் சொத்து. மழையில் கூட்டம் மூன்று சட்டத்துக்குச் சுருங்கியிருக்கும். ஏழு சட்டமும் உள்ளே தொங்கினால், காவல் இல்லாத நாலு சட்டத்தில் அந்து வந்து முட்டையிடும். பத்துப் பதினைந்து நாள் கழித்துச் சட்டத்தைத் தூக்கினால் அடைக்கு நடுவில் வெள்ளை நூலாம்படைச் சுரங்கம், அதில் மிளகைப் பொடித்துத் தூவினது போல எச்சம், உள்ளே நெளியும் கொழுத்த புழு. ஒரு சட்டத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிக்கொண்டே வரும்.

அதனால் மேலறையை முதலில் கழற்றுங்கள். அடியறையில் ஈ நெருக்கமாக அமர்ந்திருக்கும் சட்டங்களை மட்டும் விட்டு மற்றதை எடுங்கள். கறுத்துப் போன பழைய அடையை உருக்கி மெழுகாக்கிவிடுங்கள், அதை வைத்துக்கொண்டு பிரயோஜனமில்லை. வெளிறிய நல்ல அடையை அடுத்த பருவத்துக்கு வைக்க வேண்டுமானால், மூடியிறுகும் பிளாஸ்டிக் டிரம்மில் அடுக்கி, கொஞ்சம் கந்தகத்தைக் கொளுத்திப் புகைபோட்டு மூடுங்கள். இது புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. ஆகவே இரண்டு வாரம் கழித்து இன்னொரு முறை போட வேண்டும். வீட்டில் இடமிருந்து, வீட்டில் இருப்பவர்களும் சம்மதித்தால், ஃப்ரீசரில் இரண்டு நாள் வைத்து எடுப்பது இதைவிட நல்லது.

வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுரண்டித் துடையுங்கள். கீழே விழுந்த மெழுகுத் தூளில்தான் பாதிப் புழு வளர்கிறது. இதற்குப் பெட்டியைப் பிரிக்க வேண்டியதில்லை, சேர்ந்தாற்போல் தூக்கிப் பலகையை மட்டும் மாற்றினால் போதும்.

எறும்பு, குளவி, பல்லி?

பெட்டியை நிறுத்தும் தாங்கியின் காலைச் சுற்றிய கிண்ணத்தில் தண்ணீர் இருந்தால் எறும்பு ஏறாது. மழைக்காலத்தில் கிண்ணம் தானாக நிரம்பும், ஆனால் அதில் இலை விழுந்து பாலம் போட்டுவிடும். முசுறு என்கிற சிவப்பு எறும்பு என்றால் இலையே தேவையில்லை, தொங்கும் ஒரு ரப்பர்க் கிளை பெட்டியைத் தொட்டாலே இறங்கிவிடும். கிளையை வெட்டுங்கள்.

குளவிதான் மோசம். ஆவணி, புரட்டாசியில் வாசலுக்கு முன் அந்தரத்தில் நின்று, வருகிற ஈயைப் பிடித்துத் தலையைக் கடித்து எறிந்துவிட்டு உடலைத் தூக்கிப் போகும். நம் ஈயும் சும்மா இருக்காது. ஏமாந்து வாசலில் உட்காரும் குளவியைப் பந்து போல மொய்த்துக்கொண்டு, தன் உடல் சூட்டாலேயே அதை வேகவைத்துக் கொல்லும். ஆனால் அதற்கு ஈ நிறைய வேண்டும், மூன்று சட்டக் கூட்டத்தால் முடியாது. காலையில் அரை மணி நேரம் பழைய பூப்பந்து மட்டையோடு நின்று நாலு நாள் அடித்தால் தொல்லை குறையும். பக்கத்து வீட்டுக்காரர் என்ன நினைப்பார் என்பது வேறு விஷயம்.

பல்லி மூடிக்குள் குடியிருக்கும், விரட்டுங்கள். தாங்கி இரண்டடிக்குமேல் உயரமாக இருந்தால் தேரை எட்டாது.

யூடியூபில் வெளிநாட்டில் பெட்டியைப் போர்வை போட்டு மூடுகிறார்கள். நாமும் சாக்கு சுற்றலாமா?

சுற்றாதீர்கள். கனடா, ரஷ்யா போன்ற இடங்களில் மாதக்கணக்கில் ஈ வெளியே வரவே முடியாது. அங்கே கூட்டம் முழுவதும் ஒரு பந்தாகத் திரண்டு, பறக்கும் தசைகளை அதிர வைத்து, அந்தச் சூட்டில் பனிக்காலத்தைக் கடத்தும். அதற்கு ஒரு பெட்டிக்கு முப்பது கிலோ அளவில் தேனை விட்டுவைக்கிறார்கள். அவர்களுக்குக் குளிர் எதிரி. நமக்கு எதிரி ஈரம். இங்கே சாக்கைச் சுற்றினால் அது நனைந்து, பெட்டி வியர்த்து, ஓரச் சட்டத்தில் பூஞ்சணம் பிடிக்கும்.

நமக்கு வேண்டியது ஒழுகாத மூடி. அலுமினியத் தகடோ, தேர்தல் முடிந்த ஃப்ளெக்ஸோ போட்டு நாலு பக்கமும் ஒரு சாண் நீட்டி விடுங்கள். பெட்டியை வாசல் பக்கம் அரை விரல் சரித்து வையுங்கள், உள்ளே போன தண்ணீர் தானாக வெளியேறும். காலை வெயில் படும் இடமாக இருந்தால் உத்தமம்.

அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது போர்வையை அல்ல, ஒழுங்கை. பனி வருவதற்கு முன்பே உணவை நிறுத்துப் பார்த்து, ராணியைப் பார்த்து, நோஞ்சான் கூட்டத்தைச் சேர்த்து முடித்துவிடுகிறார்கள்.

நோஞ்சான் கூட்டத்தைச் சேர்ப்பது எப்படி? இரண்டு பெட்டியை ஒன்றாக்க மனம் வரவில்லை.

எனக்கும் வராது. ஆனால் ஒரு சட்டம் ஈ உள்ள இரண்டு பெட்டி ஆடியைத் தாண்டாது. இரண்டு சட்டம் ஈ உள்ள ஒரு பெட்டி தாண்டும். ஐப்பசியில் அதையே திரும்ப இரண்டாக்கிக்கொள்ளலாம்.

இரண்டு பெட்டியும் தள்ளித் தள்ளி இருந்தால், தினமும் ஓரடி இரண்டடியாக நகர்த்திப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். ஒரேயடியாக நகர்த்தினால் வெளியே போன ஈ பழைய இடத்துக்கே திரும்பி வந்து அந்தரத்தில் சுற்றும். இரண்டு ராணியில் சுமாரானதை முந்தின நாளே எடுத்துவிடுங்கள். மாலையில், ராணி உள்ள அடியறையின் மேல் ஒரு நாளிதழ்த் தாளை விரித்து, ஊசியால் பத்துப் பதினைந்து துளை போட்டு, மற்ற அடியறையை அதன் மேல் வையுங்கள். தாளை ஈக்கள் இரண்டு பக்கமிருந்தும் கடித்துத் துளைக்க ஒன்றிரண்டு நாள் ஆகும். அதற்குள் இரண்டு கூட்டத்தின் வாசனையும் கலந்துவிடும், சண்டை வராது. வாசலுக்கு வெளியே பொடிப் பொடியாகத் தாள் கிடந்தால் காரியம் முடிந்தது.

அடைக்குள் ஈயின் புழு செத்துப் பை மாதிரி ஆகிறது. மருந்து உண்டா?

இல்லை. இது வைரஸ் நோய், தாய் சாக்புரூட் என்று பெயர். தாய்லாந்தில் முதலில் கண்டறிந்ததால் அந்தப் பெயர். 1991, 92இல் இது தென்னிந்தியாவில் பரவியபோது குமரியிலும் கேரளத்திலும் பெரும்பாலான கூட்டங்கள் அழிந்துபோயின. பரம்பரையாகப் பெட்டி வைத்திருந்த பல குடும்பங்கள் தொழிலையே விட்டன. இன்று நம்மிடம் இருப்பது பெரும்பாலும் அப்போது தப்பிப் பிழைத்த ஈயின் வழி வந்தவை.

அடையாளம் எளிது. செத்த புழு அறைக்குள் மல்லாந்து, தலை தூக்கி, படகு மாதிரி கிடக்கும். சிறு இடுக்கியால் தூக்கினால் உடையாமல், தண்ணீர் கட்டிய பை போல முழுசாக வரும். மழை முடிந்து புழு பெருகும் மாதங்களில் கவனமாக இருங்கள். கண்டால், அந்தப் பெட்டிச் சட்டத்தை வேறு பெட்டிக்கு மாற்றாதீர்கள். அந்தக் கையோடு அடுத்த பெட்டியைத் திறக்காதீர்கள். ராணியை இரண்டு வாரம் கூண்டில் அடைத்துப் புழு வளர்ப்பை நிறுத்தினால் சில கூட்டம் தேறும். நோய் வந்தும் தாக்குப்பிடித்த கூட்டத்திலிருந்து ராணி எடுப்பதுதான் நீண்ட கால வைத்தியம். மருந்துக்கடை ஆண்டிபயாடிக்கைக் கலந்து வைப்பவர்கள் காசையும் வீணாக்கி, தேனையும் கெடுக்கிறார்கள்.

ஒரு பெட்டிக் கூட்டத்தை எப்போது இரண்டாகப் பிரிக்கலாம்?

ஐந்து சட்டம் நிறைய ஈயும், பெட்டியில் ஆண் தேனீயும் தெரிந்த பிறகு. குமரியில் இது பெரும்பாலும் ஐப்பசி. ஆண் ஈ இல்லாத நேரத்தில் பிரித்தால் பிறக்கும் புது ராணி யாரோடு இணையும்? வாரம் ஒருமுறை பாகு கொடுத்து வந்தால் புரட்டாசி கடைசியிலிருந்தே கூட்டம் ஏறும்.

கார்த்திகை பாதிக்குமேல் பிரிக்காதீர்கள். புது ராணி வெளியே வந்து, இணைந்து, முட்டையிடத் தொடங்க இரண்டு வாரத்துக்குமேல் ஆகும். அதன் பிறகுதான் அந்த நாற்பது நாள் கணக்கு தொடங்கும். தாமதமாகப் பிரித்தால் தேனுக்கு ஒரு பெட்டி இருந்த இடத்தில், தேனுக்கு ஆகாத இரண்டு பெட்டி இருக்கும். பெட்டி எண்ணிக்கையைப் பெருக்குவதுதான் நோக்கம் என்றால் பிரியுங்கள். தேன்தான் நோக்கம் என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். மார்கழியில் அடையின் கீழ் ஓரத்தில் நிலக்கடலை மாதிரித் தொங்கும் ராணி அறைகளை வாரா வாரம் பார்த்து நீக்கினால், கூட்டம் தானாகப் பிரிந்து பறப்பதையும் பெரும்பாலும் தடுக்கலாம்.

புயலுக்கு என்ன செய்வது?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் குமரியில் ரப்பர் மரங்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தது. மரமே விழுந்தால் பெட்டிக்குப் பாதுகாப்பு கிடையாது. காற்றுக்காவது, பழைய சைக்கிள் டியூபால் மூடியையும் அறையையும் தாங்கியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிடுங்கள்.

நாங்கள் குமரி இல்லை. இந்தக் கணக்கு எங்களுக்குப் பொருந்துமா?

மாதம் பொருந்தாது, கணக்கு பொருந்தும். ஏற்காட்டிலும் கீழ்ப்பழநி மலையிலும் காப்பி பூப்பது பங்குனி, சித்திரை ஒட்டிய கோடை மழைக்குப் பிறகு. சமவெளியில் முருங்கை, புளி, எள், சூரியகாந்தி என்று ஊருக்கு ஊர் மாறும். உங்கள் ஊரில் மேலறை நிரம்பத் தொடங்கும் வாரம் எது என்று ஒரு வருடம் குறித்து வையுங்கள். அதிலிருந்து நாற்பது நாள் பின்னோக்கி எண்ணுங்கள். அன்று அடியறை நிறைய முட்டை இருக்க வேண்டும்.

கொட்டாத சின்னக் கொசுத்தேனீக்கும் பாகு வைக்கலாமா?

அதை அதன் போக்கில் விடுங்கள்.

மேலறையை எப்போது வைப்பது? பாகை எப்போது நிறுத்துவது?

இரண்டும் ஒரே கேள்விதான். மேலறை ஏறும் நாளில் பெட்டிக்குள் சர்க்கரை இருக்கக் கூடாது. கரும்பும் ரப்பரும் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் விதம் வேறு. அதனால் ஆய்வகத்தில் கார்பன் ஐசோடோப்புச் சோதனை வைத்தால் தேனில் கரும்புச் சர்க்கரை கலந்திருப்பது தெரிந்துவிடும். கலப்படம் செய்யாதவர்கூட, பாகை நிறுத்தாமல் மேலறை வைத்ததால் மாட்டிக்கொள்ளலாம். ஆகவே மார்கழி கடைசி வாரத்தில் பாகை நிறுத்துங்கள். அப்போதைக்குக் கூட்டம் தாக்குப்பிடிக்கும் அளவுக்கு முருங்கையும் தென்னையும் மற்றதும் பூத்திருக்கும்.

மேலறைக்கு நாள் பார்க்க வேண்டாம், இலையைப் பாருங்கள். தை மாதத்தில் மூடுபனியும் மந்தாரமுமாக இருக்கிற வருடம் துளிரில் சாம்பல் நோய் விழுந்து, பிஞ்சு இலையாகவே உதிரும். அந்த வருடம் எந்தப் பெட்டியும் நிரம்பாது, நம் கையில் இல்லை. நல்ல வெயில் வருடத்தில் இலை செம்பு நிறத்திலிருந்து இளம்பச்சைக்குத் திரும்பும்போது, காலை எட்டு மணிக்குத் தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, மூன்று இலையும் சேரும் இடத்தை நாக்கில் வைத்துப் பாருங்கள். பால் வெட்டுகிறவர் சிரிப்பார், பரவாயில்லை. இனித்தால் அன்று சாயங்காலமே மேலறையை ஏற்றுங்கள். இனிக்கவில்லை என்றால் மூன்று நாள் கழித்து இன்னொரு கிளை.